புதிய பாதிப்பைச் சொல்ல வருவோரின் பழைய சதவீதம் குறையக் கூடாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித்தொகையைப் புதிதாகப் பெறுவது எப்படி என்பது குறித்து நாளிதழ்கள் அவ்வப்போது எழுதி வருகின்றன. ஆனால், ஏற்கெனவே அந்த உதவித்தொகையைப் பெற்றுவரும் ஒருவருக்கு, முன்பு இல்லாத வேறொரு உடல்நலப் பாதிப்பு வந்து சேர்ந்தால், அதை அவர் எங்கே, யாரிடம் தெரிவிக்க வேண்டும், தெரிவித்தால் என்ன கிடைக்கும், இருப்பதில் ஏதேனும் போய்விடுமா என்பது பற்றி எழுதுவோரும் குறைவு. எடுத்துச் சொல்லும் அலுவலர்களும் குறைவு. அரசு மருத்துவமனைகளில் இயன்முறை சிகிச்சையாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்று, இப்போது விளவங்கோடு, கிள்ளியூர் வட்டங்களில் இத்தகையோருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்து வருபவள் என்ற முறையில் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். பொறுத்துக்கொண்டு வெளியிட வேண்டுகிறேன்.

இந்தக் கேள்வி இப்போது அவசரமாகியிருப்பதற்குக் காரணம் உண்டு. இந்தியாவில் இயற்கையான போலியோ கிருமியால் ஒரு குழந்தை கடைசியாகப் பாதிக்கப்பட்டது 2011 ஜனவரியில். 2014 மார்ச் மாதத்தில் நாடு போலியோ அற்றதாக அறிவிக்கப்பட்டது. அந்த வெற்றிக்கு முன்பே பிறந்து, காலில் போலியோவின் தடத்தோடு வளர்ந்தவர்கள் இன்று நாற்பதையும் ஐம்பதையும் அறுபதையும் கடந்துகொண்டிருக்கிறார்கள். இளமையில் வாங்கிய சான்றிதழில் அவர்களுடைய ஒரு கால் மட்டுமே பதிவாகியிருக்கிறது. அதன் பிறகு அந்த உடம்பு பட்ட பாடு எதுவும் அதில் இல்லை. ஆண்டுக்கணக்கில் ஊன்றுகோலில் தொங்கித் தொங்கித் தோள்மூட்டு தேய்ந்து, கை தூக்க முடியாமல் போகிறது. இரண்டு கால்களின் பாரத்தையும் சுமந்த நல்ல காலின் முழங்கால் மடக்க முடியாமல் வீங்குகிறது. போலியோ வந்து பல பத்தாண்டுகள் கழித்து, முன்பு பாதிக்கப்பட்ட தசைகளில் மட்டுமன்றி, நன்றாக இருந்ததாகத் தோன்றிய தசைகளிலும் புதிதாகத் தளர்ச்சியும் வலியும் தாங்க முடியாத களைப்பும் தோன்றுவதை மருத்துவ உலகம் ஒரு தனி நோய்நிலையாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறது. இவற்றோடு, எல்லோருக்கும் வருவதுபோல் அவர்களுக்கும் சர்க்கரை நோய் வருகிறது. அது விழித்திரையைக் கெடுக்கிறது. இரத்த அழுத்தம் கூடிப் பக்கவாதமும் வருகிறது.

போலியோவால் பாதிக்கப்பட்டோர் மட்டும்தான் இந்த நிலையில் இருக்கிறார்கள் என்பதில்லை. தொழுநோய் குணமான பிறகும் உணர்ச்சி மரத்துப்போன கண்ணில் தூசி விழுந்து புண்ணாவது தெரியாமல் பார்வை போனவர்கள் இருக்கிறார்கள். பனையிலிருந்தும் கட்டடச் சாரத்திலிருந்தும் விழுந்து முதுகுத் தண்டுவடம் அடிபட்டவர்களுக்குப் படுக்கைப் புண்ணும் சிறுநீரகத் தொற்றும் ஆண்டுகள் கழித்து வந்து சேர்கின்றன. பிறவியிலேயே காது கேளாத சிலருக்கு இளமையில் மாலைக்கண் தொடங்கி, பார்வையின் வட்டம் சிறிது சிறிதாகச் சுருங்கிவிடுகிறது. காதால் கேளாமல், உதட்டசைவையும் கையசைவையும் பார்த்துப் புரிந்துகொண்டவருக்கு அந்தப் பார்வையும் போனால் என்ன மிஞ்சும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கருங்கல் பக்கத்தில் முந்திரி ஆலையில் வேலை பார்த்த பெண்மணி ஒருவரை எனக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும். வலது காலில் போலியோ. அதற்கான அட்டையும் மாத உதவித்தொகையும் உண்டு. சர்க்கரை நோயால் இப்போது அவருக்கு எதிரில் வருபவரின் முகம் தெரியவில்லை. பருப்பின் தோலைப் பார்த்து நீக்க முடியாததால் வேலையும் போய்விட்டது. கண் பாதிப்பையும் பதிவு செய்துகொள்ளுங்கள் என்று நான் சொன்னபோது அவர் சொன்னது, "அக்கா, சொல்லப் போனா உள்ளதும் போயிரும்" என்பதே. இதே சொற்களை, குரல் மட்டும் மாறி, முட்டத்துக் கடற்கரையிலும் கேட்டிருக்கிறேன், பேச்சிப்பாறை மலையடிவாரத்திலும் கேட்டிருக்கிறேன். அரசு கொடுத்த, இணைப்புச் சக்கரங்கள் பொருத்திய ஸ்கூட்டரை ஓட்டிச் சென்று லாட்டரிச் சீட்டும் ஊதுபத்தியும் விற்றுப் பிழைத்த ஒருவர், மாலையானால் கண் மங்குவதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வண்டியைத் திரும்ப வாங்கிவிடுவார்கள் என்று அவர் நம்பினார். லாட்டரி தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பிறகும் ஊதுபத்தியோடு அவர் அதே வண்டியில்தான் சாலையில் போய்வந்தார். பிழைப்பு போய்விடும் என்ற அச்சம் ஒரு மனிதரை உயிருக்கே ஆபத்தான இடத்தில் நிறுத்துகிறதென்றால், அந்த அச்சத்தை நீக்கும் பொறுப்பு அரசுக்கு இருக்கிறது.

சட்டம் இவர்களுக்கு எதிராக இல்லை என்பதை முதலில் சொல்ல வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 டிசம்பரில் இயற்றப்பட்டு 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. 1995ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகளே இருந்தன. புதிய சட்டம் அவற்றை 21 ஆக விரித்தது. பார்க்கின்சன் நோய், தண்டுவட மரப்பு நோய், தசைச்சிதைவு, தலசீமியா, இரத்தம் உறையாமை முதலியவை அப்போதுதான் பட்டியலுக்கு வந்தன. ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுகள் ஒருவரிடம் சேர்ந்திருப்பதைப் பல்வகைக் குறைபாடு என்று தனி வகையாகவே அந்தப் பட்டியல் ஏற்கிறது. காதும் கண்ணும் ஒருங்கே பாதிக்கப்பட்ட நிலை அதில் பெயர் சொல்லியே குறிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே 2017க்கு முன் அட்டை வாங்கிய ஒருவருக்கு, அன்று பட்டியலிலேயே இல்லாத ஒரு பாதிப்பு இன்று இருந்தால், அதைச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்க அவருக்கு முழு உரிமை உண்டு. நிரந்தரம் என்று குறித்த சான்றிதழ் வாங்கிவிட்டால் பிறகு, குறைபாட்டை மதிப்பிட்டுச் சான்று தரும் மருத்துவக் குழுவின் முன் போகவே கூடாது என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் குறிப்பு பழைய பாதிப்பு மாறாது என்பதற்குத்தானே தவிர, புதிய பாதிப்பு வராது என்பதற்கு அல்ல.

இங்கே ஒரு வேறுபாட்டையும் வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் இதய நோயும் சிறுநீரகக் கோளாறும் அந்த 21 வகைகளில் இல்லை. சர்க்கரை நோய் இருக்கிறது என்ற சீட்டோடு மருத்துவக் குழுவின் முன் நின்றால் சான்றிதழில் உள்ள குறைபாட்டின் சதவீதம் உயராது. ஏமாற்றத்தோடு திரும்பியவர்கள் பலர். ஆனால் அந்த நோய் விட்டுச் செல்லும் விளைவுகள் பட்டியலில் இருக்கின்றன. விழித்திரை கெட்டால் பார்வைக் குறைபாடு. காலை எடுக்க நேர்ந்தால் இயக்கக் குறைபாடு. பக்கவாதத்தால் கையும் காலும் விழுந்தால் இயக்கக் குறைபாடு, பேச்சும் குழறினால் பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு. எனவே நோயின் பெயரைச் சொல்வதை விட, அந்த நோய் எந்த உறுப்பின் எந்தச் செயலை எவ்வளவு குறைத்திருக்கிறது என்று சிகிச்சை தரும் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு போவதே பயன் தரும். பட்டியலில் இடம்பெறாத நோய்களுக்கும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் போன்ற வேறு வழிகள் திறந்திருக்கின்றன; அவற்றை உதவித்தொகையோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை.

அடுத்தது கணக்கு. மிகுந்த மனத்தாங்கல் பிறப்பது இங்கேதான் என்பதால் இதை விளக்கியாக வேண்டும். காலுக்கு 50, கண்ணுக்கு 40 என்றால் மொத்தம் 90 என்று மக்கள் கூட்டுகிறார்கள். மத்திய அரசு 2018 ஜனவரியில் வெளியிட்ட மதிப்பீட்டு வழிகாட்டுதலின்படி அப்படிக் கூட்டுவதில்லை. இரண்டில் பெரிய எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, 90லிருந்து அதைக் கழித்து, கிடைப்பதைச் சிறிய எண்ணால் பெருக்கி, 90ஆல் வகுத்து, வருவதைப் பெரிய எண்ணோடு சேர்க்க வேண்டும். 50ம் 40ம் என்றால், 90லிருந்து 50 போக 40. அதை 40ஆல் பெருக்கினால் 1,600. 90ஆல் வகுத்தால் ஏறத்தாழ 18. ஆக மொத்தம் 68. முதல் பாதிப்பு எடுத்துக்கொண்டது போக உடம்பில் மிஞ்சிய திறனில்தான் இரண்டாவது பாதிப்பு கணக்கிடப்படுகிறது என்பது இதன் உட்பொருள். இதை ஒருவர் உட்கார்ந்து விளக்கினால் மக்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். விளக்காமல் 68 என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், தங்களிடமிருந்து 22 சதவீதத்தை யாரோ பறித்துவிட்டதாகவே எண்ணுகிறார்கள்.

இந்தக் கணக்கில் மக்களுக்கு நன்மை தரும் ஒரு செய்தியும் இருக்கிறது; அது யாருக்கும் சொல்லப்படுவதில்லை. ஒரு கண் முழுவதும் போய், மறுகண் நன்றாக இருப்பவருக்குப் பார்வைக் குறைபாடு 30 சதவீதம். தனியாகப் பார்த்தால் அது சலுகைகளுக்கு அடிப்படையான 40ஐ எட்டாது என்பதால், ஒற்றைக் கண் போனதற்கெல்லாம் எதுவும் கிடைக்காது என்று வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர்களை நான் அறிவேன். ஆனால் காலுக்கு ஏற்கெனவே 70 சதவீதம் இருக்கும் ஒருவருக்கு அந்த 30 சேரும்போது மொத்தம் ஏறத்தாழ 77 ஆகிறது. தமிழ்நாட்டில் கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கான பராமரிப்பு உதவித்தொகைக்கு 75 சதவீதம் வேண்டும். எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றவரை அந்தப் பக்கம் சேர்ப்பது, எதற்கும் உதவாது என்று சொல்லப்பட்ட அந்த 30 சதவீதம்தான்.

இந்தச் சூத்திரத்தின் இன்னொரு தன்மையே என் கடிதத்தின் மையம். பெரிய எண் 90க்குக் கீழே இருக்கும் வரை, புதிய பாதிப்பைச் சேர்ப்பதால் மொத்தம் கூடுமே தவிர ஒருபோதும் குறையாது. அப்படியானால் சொல்லப் போனால் உள்ளதும் போய்விடும் என்ற அச்சம் எங்கிருந்து வந்தது? அது வெறும் அறியாமையால் வந்ததல்ல. புதிய பாதிப்புக்காக வருபவரின் பழைய பாதிப்பையும் முதலிலிருந்து மறுபடி அளப்பதால் வந்தது. அளக்கும் வழிகாட்டுதல்கள் 2001இல் ஒரு வகையாக இருந்தன. 2018இல் மாற்றி எழுதப்பட்டன. 2024 மார்ச்சில் மீண்டும் திருத்தப்பட்டன. ஒரு வழிகாட்டுதலின்படி 60 என்று எழுதப்பட்ட அதே கால், அதே நிலையில், பிந்தைய வழிகாட்டுதலின்படியோ வேறொரு மருத்துவரின் கணிப்பின்படியோ 50 ஆகலாம். கண்ணைச் சேர்க்கப் போனவர் காலில் பத்தை இழந்து திரும்பினால், அந்தச் செய்தி ஊர் முழுக்கப் பரவ ஒரு நாள் போதும். அதற்குப் பிறகு அந்த ஊரில் யாரும் எதையும் சொல்ல மாட்டார்கள்.

ஆகவே நான் கேட்பது இது. நிரந்தரச் சான்று பெற்ற ஒருவர் புதிய பாதிப்பைச் சேர்க்க வரும்போது, புதிய பாதிப்பை மட்டுமே மருத்துவக் குழு மதிப்பிட வேண்டும்; பழைய சதவீதத்தை அப்படியே எடுத்துக்கொண்டு சூத்திரத்தில் இட வேண்டும்; பழைய பாதிப்பே கூடியிருக்கிறது என்று அவரே எழுதிக் கேட்டாலன்றி அதை மறுபடி அளக்கக் கூடாது. இவ்வாறு ஒரு தெளிவான ஆணையை மாநில மாற்றுத்திறனாளிகள் நலத் துறை பிறப்பித்து, அதைத் தமிழில் எல்லா இடங்களிலும் ஒட்ட வேண்டும். போலிச் சான்றுகளைக் கண்டுபிடிக்க மறுமதிப்பீடு தேவை என்று அதிகாரிகள் தரப்பில் சொல்லப்படலாம். போலிகள் இருக்கிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை; உரியவர்களின் பங்கை அவர்கள் தின்கிறார்கள். ஏமாற்றிச் சலுகை பெறுவோருக்கு இரண்டாண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்க 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 91ஆவது பிரிவு வழி செய்திருக்கிறது. ஐயம் இருந்தால் அந்த வழியில் தனியாக விசாரிக்கட்டும். தானாக முன்வந்து மருத்துவர் முன் நிற்கும் மனிதரை அந்தச் சந்தேகத்துக்கு உள்ளாக்குவது முறையல்ல. போலிச் சான்று வைத்திருப்பவர் மருத்துவக் குழுவின் பக்கமே வர மாட்டார். அறுவைச் சிகிச்சையால் பார்வை திரும்பியவர், சிகிச்சையால் நிலைமை தேறியவர் அதையும் தெரிவிக்கத்தான் வேண்டும். அந்த நேர்மையை மக்களிடம் எதிர்பார்க்கும் அரசு, நிலைமை மோசமானதைச் சொல்ல வருபவரிடம் நேர்மையாக நடந்துகொள்ள வேண்டும்.

எந்த அலுவலகத்துக்குப் போவது என்பதும் எளிதான கேள்வியாக இல்லை. நம் மாநிலத்தில் உதவித்தொகை இரண்டு வாய்க்கால்களில் வருகிறது. வருவாய்த் துறையின் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் வரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் ஒன்று. அது 1,000 ரூபாயிலிருந்து 2023 ஜனவரி முதல் 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாக, கடுமையாகப் பாதிக்கப்பட்டோர், அறிவுசார் குறைபாடுடையோர், தசைச்சிதைவு நோயாளிகள், தொழுநோயால் பாதிக்கப்பட்டோர் முதலானோருக்குத் தரப்படும் பராமரிப்பு உதவித்தொகை மற்றொன்று. அது 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. முதல் வாய்க்காலில் இருப்பவர் புதிய பாதிப்பால் 75ஐக் கடந்து இரண்டாவதற்குத் தகுதி பெற்றால், ஒன்றை நிறுத்திவிட்டு மற்றொன்றுக்கு மாற வேண்டும். நிறுத்தியது உடனே நின்றுவிடும், தொடங்குவது எப்போது தொடங்கும் என்று எவரும் சொல்ல மாட்டார்கள் என்ற கவலையில், மாதம் 500 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும் வாய்ப்பையே வேண்டாம் என்று விட்டவர்கள் உண்டு. மாத்திரை வாங்கவும் அரிசிக்கு மேல் எதையும் வாங்கவும் அந்தப் பணத்தையே நம்பியிருப்பவருக்கு இரண்டு மாத இடைவெளி என்பது சிறிய செய்தி அல்ல. புதிய தொகை வங்கிக் கணக்கில் ஏறிய பிறகே பழையது நிற்கும் என்று இரண்டு துறைகளும் ஒன்றுபட்டு முடிவெடுத்தால் இந்தத் தயக்கம் நீங்கும்.

தொகையோடு முடிவதில்லை பயன்கள். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் மன இறுக்கம் (ஆட்டிசம்), பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு ஆகியவற்றோடு பல்வகைக் குறைபாட்டையும் உள்ளடக்கியது. அதன் கீழுள்ள நிராமயா காப்பீட்டில் 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கு வழி இருக்கிறது. ஒற்றைக் குறைபாட்டோடு அட்டை வைத்திருந்தவருக்கு மூடியிருந்த இந்தக் கதவு, இரண்டாவது பாதிப்பு பதிவானால் திறக்கக்கூடும். அதேபோல், அன்றாட வேலைகள் ஒவ்வொன்றுக்கும் பிறர் உதவி தேவைப்படும் நிலைக்கு வந்துவிட்டவர், உயர் ஆதரவு தேவைப்படுபவராகத் தம்மை மதிப்பிடுமாறு 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 38ஆவது பிரிவின்படி கேட்கலாம். நடந்துகொண்டிருந்தவர் படுக்கையில் விழும்போது வீட்டில் இன்னொருவரின் கூலியும் நின்றுபோகிறது. கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் மனைவியையோ தாயையோ கணக்கில் கொள்ளாத எந்த மதிப்பீடும் அரை மதிப்பீடுதான்.

இனி, தூரம். ஆசாரிபள்ளத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நாகர்கோவில்காரர் எளிதில் போய்விடலாம். கொல்லங்கோட்டிலிருந்தோ தூத்தூரிலிருந்தோ ஆறுகாணியிலிருந்தோ வர வேண்டியவரின் பாட்டை நினைத்துப் பாருங்கள். பல்வகைக் குறைபாடு என்றால் எலும்பு மருத்துவரும் கண் மருத்துவரும் காது மூக்கு தொண்டை மருத்துவரும் பார்த்தாக வேண்டும். ஒருவர் இருக்கும் நாளில் மற்றவர் இல்லாவிட்டால் மீண்டும் வர வேண்டும். பார்வையும் காலும் இல்லாதவர் தனியாக வர முடியாது, துணைக்கு வருபவரின் அன்றைய கூலியும் போகும். நகரப் பேருந்தில் கட்டணமில்லை என்பது உண்மை. ஆனால் அந்தப் படிகளில் ஏற முடியாதவருக்கு ஆட்டோவைத் தவிர வேறு வழியில்லை. தக்கலை, குழித்துறை, குளச்சல் அரசு மருத்துவமனைகளில் மாதம் ஒரு நாளாவது, தேவையான எல்லாத் துறை மருத்துவர்களும் ஒரே அறையில் கூடி, ஏற்கெனவே அட்டை உள்ளவர்களின் புதிய பாதிப்பை மட்டும் பதிவு செய்ய ஏற்பாடு செய்வது மாவட்ட நிர்வாகத்தால் முடியாத காரியம் அல்ல.

நம் மாவட்டத்துக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. மேற்கு வட்டங்களில் உள்ளவர்கள் பக்கவாதத்துக்கும் நரம்பு நோய்க்கும் கண்ணுக்கும் காலங்காலமாகத் திருவனந்தபுரத்துக்கே போய்வருகிறார்கள். 1956 நவம்பர் 1இல் மாநில எல்லை மாறியதே தவிர, நோயாளிகளின் வழி மாறவில்லை. அங்கே கொடுத்த மருத்துவக் குறிப்புகளை இங்கே காட்டும்போது, வேறு மாநிலச் சீட்டு செல்லாது என்று சொல்லி, எல்லாப் பரிசோதனைகளையும் மறுபடி எடுக்கச் சொல்லும் நிலையைப் பார்த்திருக்கிறேன். குறைபாட்டின் சதவீதத்தை நமது மருத்துவக் குழுவே முடிவு செய்யட்டும், அதில் மறுப்பில்லை. ஆனால் மூளை ஸ்கேனும் விழித்திரைப் படமும் எல்லை தாண்டினால் பொய்யாகிவிடாது. அவற்றைச் சான்றாக ஏற்றுக்கொள்ளும்படி மருத்துவக் குழுக்களுக்கு எழுத்தில் அறிவுறுத்த வேண்டும். அதே போல், விண்ணப்பத்தை மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்றும், முடிவில் நிறைவில்லாதவர் மேல்முறையீடு செய்யலாம் என்றும் சட்டமும் விதிகளும் சொல்கின்றன. வாய்ச்சொல்லில் திருப்பி அனுப்பப்பட்டவருக்கு மேல்முறையீடு செய்ய எதுவும் கையில் இருப்பதில்லை. ஆகவே மக்களிடமும் ஒன்று சொல்கிறேன்: முடியாது என்றால் எழுதித் தாருங்கள் என்று பணிவோடு கேளுங்கள், கேட்பது குற்றமில்லை.

படுத்த படுக்கையாக இருப்பவர் இவ்வளவு தூரம் யோசிக்கவே முடியாது. அவருடைய வாசலுக்கு அரசின் கை ஏற்கெனவே வந்துகொண்டிருக்கிறது என்பதுதான் எனக்கு நம்பிக்கை தருவது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொண்டுவரும் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் செல்கிறார்கள். தேவைப்படுவோருக்கு இயன்முறை சிகிச்சையும் வலி நிவாரண ஆதரவும் வீட்டிலேயே தரப்படுகின்றன. மாத்திரை கொடுக்கப் போகும் அந்தப் பெண்ணுக்குத்தான், போன மாதம் கைப்பிடித்து நடந்தவர் இந்த மாதம் எழவில்லை என்பது முதலில் தெரிகிறது. அவர் எழுதிக்கொள்ளும் பதிவேட்டில், இந்த வீட்டில் அட்டை வைத்திருப்பவர் உண்டா, அவருக்குப் புதிதாக எதுவும் வந்திருக்கிறதா என்று இரண்டு கட்டங்களைச் சேர்த்து, அந்தத் தகவல் ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவ அலுவலர் வழியாக மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தால், அலைய முடியாதவர்கள் அலைய வேண்டியதில்லை. இதற்கெனப் புதிதாக ஒருவரை வேலைக்கு எடுக்க வேண்டியதும் இல்லை.

ஒருவர் தம் புதிய பாதிப்பைத் தெரிவித்த நாளுக்குரிய ஒப்புகைச் சீட்டு அவர் கையில் தரப்பட வேண்டும் என்பதையும், கூடுதல் உதவிக்கு அவர் தகுதி பெற்றால் அது அந்த நாளிலிருந்தே கணக்கிடப்பட வேண்டும் என்பதையும் வலியுறுத்த விரும்புகிறேன். சான்றிதழ் வழங்க 2017ஆம் ஆண்டு விதிகளில் ஒரு மாதமாக இருந்த கால வரம்பு, 2024ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மூன்று மாதமாக நீட்டப்பட்டது. நிர்வாகத்துக்குக் கிடைத்த அந்த அவகாசத்தின் இழப்பு மாற்றுத்திறனாளியின் தலையில் விழக் கூடாது.

மாவட்ட ஆட்சியர் அவர்கள் இவற்றில் மாநில அரசின் ஆணைக்குக் காத்திருக்கத் தேவையில்லாதவற்றையேனும் உடனே தொடங்கலாம்: எந்த அலுவலகத்தில் என்ன ஆவணத்தோடு புதிய பாதிப்பைத் தெரிவிப்பது, சதவீதம் எப்படிக் கணக்கிடப்படுகிறது, மறுத்தால் எங்கே முறையிடுவது என்பவற்றை எளிய தமிழில் ஒரு தாளில் அச்சிட்டு, ஆறு வட்டாட்சியர் அலுவலகங்களிலும், கிராம நிர்வாக அலுவலகங்களிலும், இ-சேவை மையங்களிலும், ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் ஒட்டச் செய்யலாம், பார்வையற்றோருக்காக அதையே ஒலிப்பதிவாகவும் தரலாம். மருத்துவச் சான்று முகாம் நடக்கும் நாளையும் இடத்தையும், அன்று எந்தெந்தத் துறை மருத்துவர்கள் இருப்பார்கள் என்பதையும் நிர்வாகத்திடம் கேட்டுப் பெற்று, தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வாரந்தோறும் வெளியிடுமாறு தங்களையும் கேட்டுக்கொள்கிறேன். கண் மருத்துவர் வராத நாளில் கண்ணுக்காக ஒருவர் கோதையாற்றிலிருந்து இறங்கி வந்து திரும்ப வேண்டிய நிலையையேனும் அது தவிர்க்கும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற இயன்முறை சிகிச்சையாளர்,
மார்த்தாண்டம்,
கன்னியாகுமரி மாவட்டம்.